யாருடைய வேகம்?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் யாராவது என் வீட்டுக்கு வந்தால் ஒரு விசித்திரமான காட்சியைப் பார்ப்பார்கள். நான் கூடத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, “வெங்காயம்! வெங்காயம் எங்கேடா? பாத்திரம் தீயுது!” என்று கத்திக் கொண்டிருப்பேன். உள்ளே உண்மையாகவே வெங்காயம் நறுக்கிக் கொண்டிருக்கும் என் மனைவி இப்போதெல்லாம் அந்தக் கூச்சலுக்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாற்பது வயதைத் தாண்டியவன், நாலு நாவல் எழுதி நாலு பேருக்குத் தெரிந்தவன், செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் நான் இங்கே பேச வந்தது என் அசட்டுத்தனத்தைப் பற்றி அல்ல. அந்த விளையாட்டில் நானும் என் சிநேகிதர்களும் செய்துவிட்ட ஒரு சிறு காரியத்தைப் பற்றி. மிகச் சிறு காரியம். ஒருவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. இருந்தும் அது பல நாள் என்னைத் தூங்க விடவில்லை.

விளையாட்டின் பெயர் ‘ஓவர்குக்ட்’. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில், இரண்டே பேர் சேர்ந்து நடத்திய ‘கோஸ்ட் டவுன் கேம்ஸ்’ என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது, 2016-ல் வெளிவந்தது. திரையில் ஒரு சமையலறை. அதில் நான்கு குட்டிச் சமையற்காரர்கள். ஆளுக்கு ஒருவரை நாம் நடத்த வேண்டும். ஒருவர் காய் நறுக்க, ஒருவர் அடுப்பைப் பார்க்க, ஒருவர் தட்டில் ஊற்றி ஜன்னலில் கொடுக்க, ஒருவர் எச்சில் தட்டைக் கழுவ வேண்டும். மேலே கடிகாரம் ஓடிக் கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் அடுப்பு பற்றி எரியும். போதாததற்குச் சமையலறையே நடுவில் இரண்டாகப் பிளந்து விலகும். ஒரு கட்டத்தில் ஓடுகிற இரண்டு லாரிகளின் மேல் பாதிப் பாதியாக அது இருக்கும். லாரிகள் பிரிந்துவிட்டால் அந்தப் பக்கத்து வெங்காயம் இந்தப் பக்கத்து அடுப்புக்கு வராது. தவறி விளிம்பைத் தாண்டினால் சமையற்காரர் விழுந்து, சில விநாடி கழித்துத்தான் மறுபடி எழுந்து வருவார். நேரம் முடிந்ததும் கணக்குப் பார்த்து நட்சத்திரம் கொடுப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

இதில் எதிரி என்று ஒருவருமில்லை. ஜெயித்தால் நான்கு பேரும் ஜெயித்தார்கள். தோற்றால் நான்கு பேரும் தோற்றார்கள். ஒரு குடும்பம் மாதிரி.

நாங்கள் நான்கு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பெயர் சொல்ல அவர்களிடம் அனுமதி வாங்கவில்லை. ஆகையால் உத்தியோகத்தையே பெயராக வைத்துக் கொள்கிறேன். எஞ்சினீயர் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனிடம் இருப்பது பிளேஸ்டேஷன். வங்கிக்காரன் கோயம்புத்தூரில், அவன் ஆடுவது கம்ப்யூட்டரில். என் வீட்டில் இருப்பது என் மகன் ஆடிச் சலித்து ஒதுக்கிய எக்ஸ்பாக்ஸ். வாத்தியார் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்க்கிறான். துபாயிலிருந்து வந்த அவன் மைத்துனர் விட்டுப் போன ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச்தான் அவனுக்கு. ஆக நான்கு பேர், நான்கு ஊர், நான்கு கம்பெனிகளின் நான்கு கருவிகள். ஆனால் அடுப்பு ஒன்று. பேசுவதற்குக் கைபேசியில் தனியாக ஓர் அழைப்பைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக் கொள்வோம்.

இப்படி வெவ்வேறு கருவிக்காரர்கள் ஒரே ஆட்டத்தில் சேர்வதைக் ‘கிராஸ் பிளே’ என்கிறார்கள். இன்று அது சாதாரணம். கொஞ்ச காலத்துக்கு முன்புவரை அப்படி இல்லை. அந்தக் கதையைத் தெரிந்து கொண்டால்தான் நான் சொல்ல வந்தது விளங்கும்.

இயந்திரத்தால் முடியாது என்பதற்காக அது தடுக்கப்படவில்லை. ‘ஃபைனல் ஃபேண்டஸி லெவன்’ என்ற ஜப்பானிய விளையாட்டில், 2002-லேயே பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்தவர்களும் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களும் ஒரே உலகத்தில் சேர்ந்து நடமாடினார்கள். பாஷை தெரியாத ஜப்பானியரும் ஆங்கிலேயரும் ஒருவரோடொருவர் பேச, தயாராக மொழிபெயர்த்து வைத்த வாக்கியங்கள்கூட அதில் இருந்தன. அதாவது, வழி இருந்தது. வழியை அடைத்தது வியாபாரம்.

வியாபாரக் கணக்கு எளிதானது. மனிதன் எந்தக் கருவியை வாங்குவான்? தன் சிநேகிதன் வைத்திருக்கிற கருவியைத்தான் வாங்குவான். நான்கு பேரில் மூன்று பேர் ஒரு கம்பெனியின் பெட்டியை வைத்திருந்தால், நாலாவது ஆளும் வேறு வழியின்றி அதையே வாங்குவான். ஆகவே நட்பையே வேலியாக்கிவிடலாம். 2018 ஜூன் மாதம் ‘ஃபோர்ட்நைட்’ என்ற பிரபலமான விளையாட்டு ஸ்விட்சில் வெளிவந்தபோது, முன்பே பிளேஸ்டேஷனில் தங்கள் கணக்கை இணைத்து ஆடியிருந்தவர்கள் அதே கணக்கோடு ஸ்விட்சில் நுழைய முடியவில்லை. வாசலில் சோனி கம்பெனி நின்றது. அதே மாதத்தில், பரம்பரைப் போட்டியாளர்களான மைக்ரோசாஃப்டும் நின்டெண்டோவும், ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை இரண்டு கருவிகளிலும் சேர்ந்து ஆடலாம் என்று கைகோத்துக் கொண்டு விளம்பரம் செய்தன. உலகமெங்கும் இளைஞர்கள் சோனியைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் சோனி இறங்கி வந்தது, கதவு திறந்தது. 2021-ல் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் வெளியான தஸ்தாவேஜுகளிலிருந்து இன்னொரு விஷயம் தெரியவந்தது. திறந்த கதவுக்கும் ஒரு சுங்கம் இருந்தது. தன்னிடம் ஆடுபவர்கள் பணத்தை வேறு கருவியில் செலவழித்தால், சில சமயங்களில் அதற்கு ஈடு தர வேண்டும் என்று சோனி விதி வைத்திருந்தது.

2024-ல் இன்னொன்று நடந்தது. ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்ற ஆட்டம். நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடுவது. ஸ்வீடன் தேசத்து நிறுவனம் ஒன்று செய்தது, சோனி வெளியிட்டது. பிளேஸ்டேஷன்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் அதில் கலந்து ஆடிக் கொண்டிருந்தார்கள். மே மாதத்தில், கம்ப்யூட்டரில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருந்தே ஆக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பிலிப்பைன்ஸ், எஸ்டோனியா, லாட்வியா முதலான பல நாடுகளில் அந்தக் கணக்கைத் தொடங்கவே அப்போது வசதி இருக்கவில்லை. அந்த நாடுகளில் இருந்தவர்கள் பணம் கொடுத்து வாங்கிய ஆட்டத்திலிருந்து வெளியே போக வேண்டியதுதான். அப்போது கூச்சலிட்டவர்களில், தங்களுக்கு ஒரு தடையும் இல்லாதவர்களும் ஏராளம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆட்டத்துக்கு மோசமான மதிப்புரை எழுதிக் குவித்தார்கள். சில நாட்களுக்குள் உத்தரவு வாபஸ் ஆயிற்று.

இதைப் படித்தபோது என் மனம் நெகிழ்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். கம்பெனி கட்டிய சுவரை, உள்ளே இருந்தவர்களே வெளியே நின்றவர்களுக்காக இடித்தார்கள் அல்லவா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் இதைப் பற்றி வெகு உற்சாகமாகப் பேசினோம். “நட்புக்கு நடுவுல கம்பெனிக்காரன் யாருடா?” என்று வங்கிக்காரன் கேட்டான். நாங்கள் ஆமோதித்தோம். சரி, சுவர் போயிற்று. பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

வாத்தியாரின் வீட்டில் கம்பி வழி இணையம் கிடையாது. மொட்டை மாடியில் கைபேசியை வைத்து அதிலிருந்து சமிக்ஞை வாங்குகிறான். காற்று அடித்தாலும் மழை பெய்தாலும் அது தடுமாறும். ஸ்விட்சோ சின்னக் கருவி. ஒவ்வொரு கட்டமும் திறக்க அதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஆகும். நாங்கள் மூவரும் தயாராகிக் காத்திருப்போம். ஆட்டம் தொடங்கிய பிறகு, அவனுடைய சமையற்காரர் கையில் வெங்காயத்தோடு அப்படியே சிலையாய் நிற்பார். திடீரென்று ஒரு துள்ளல் துள்ளி லாரியிலிருந்து விழுவார். அதற்குள் சூப்பு கருகியிருக்கும். இரண்டு நட்சத்திரத்தைத் தாண்டுவது எங்களுக்குக் குதிரைக் கொம்பாக இருந்தது.

ஒரு புதன்கிழமை இரவு வங்கிக்காரன் கூப்பிட்டான். அவன் மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாளாம். “மூணு பேரும் வாங்கடா, அவளும் சேர்ந்துக்குவா. ரெண்டு கட்டம் ஆடிப் பார்ப்போம்.” நாங்கள் போனோம். அந்தப் பெண்ணின் விரல்கள் பறந்தன. எங்களை அலைக்கழித்த கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நட்சத்திரம் வாங்கி முடித்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எந்த விளையாட்டையும் ஆடியதில்லை. அடுத்த புதன்கிழமையும் சேர்ந்தோம். வாத்தியாரிடம் ஒருவரும் சொல்லவில்லை. ‘சொல்ல வேண்டாம்’ என்று நாங்கள் பேசி வைத்துக் கொள்ளவுமில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். பேசி வைத்துக் கொள்ளாமலே மூன்று பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக் கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல் வங்கிக்காரனின் கணக்கில்தான் ஆட்டம் திறந்தது. திரையில் ஊர்ப்படம் போல ஒரு படம். முடித்த கட்டங்களின் மேல் நட்சத்திரங்கள் மின்னும். அதை நாங்கள் மறந்துவிட்டோம். வாத்தியார் மறக்கவில்லை.

“இந்த லாரி இருக்கிற இடத்தை நாம எப்படா தாண்டினோம்?” என்று கேட்டான். “மூணு நட்சத்திரம் இருக்கே!”

கைபேசியில் நான்கு ஊர்களின் மௌனம் கேட்டது. கடைசியில் வங்கிக்காரன்தான், “பாப்பா வந்திருந்தா... சும்மா...” என்று இழுத்தான்.

“அடடே, நல்லா ஆடியிருக்காளே!” என்றான் வாத்தியார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சொன்னான்: “சரி, இன்னிக்கு நான் தட்டு கழுவுறேன். அதுக்கு அவசரம் இல்லை பாரு.”

அன்றைக்கு முழுவதும் அவன் தட்டுத்தான் கழுவினான். ஒரு தடவைகூட விழவில்லை.

நண்பர்களே, ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிக் காயப்படுத்திக் கொள்கிறார்கள் என்று நான் நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த இரவு, நானே கூட இருந்து செய்த காயம் எனக்கு அடையாளம் தெரிய வெகு நேரமாயிற்று. என் பக்கத்து நியாயத்தை முதலில் எடுத்து வைத்துப் பார்த்தேன். வங்கிக்காரன் நாளெல்லாம் கடன் கணக்கும் மேலதிகாரியின் முகமுமாக இருப்பவன். வாரத்தில் ஒரு மணி நேரம் தன் முழுத் திறமையோடு ஆட வேண்டும் என்று அவன் ஆசைப்படுவது தவறா? தவறில்லை. தன் மகளோடு விளையாடுவது தவறா? அதைப் போல ஒரு நல்ல காரியம் உண்டா? ஒருவரோடு சிநேகம் என்பதற்காக வேறு எவரோடும் ஆடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் எங்கள் நெஞ்சு ஏன் குறுகுறுத்தது?

மறைத்ததால் குறுகுறுத்தது. ஏன் மறைத்தோம்? எங்கள் மனத்துக்குள் அவனைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்தத் தீர்ப்பை அவன் முகத்துக்கு நேரே வாசிக்க எங்களுக்குத் தைரியமில்லை. “நீ இல்லாவிட்டால் நாங்கள் நன்றாக ஆடுகிறோம்” என்பதே அந்தத் தீர்ப்பு. நாங்கள் சொல்லாததை நட்சத்திரங்கள் சொல்லிவிட்டன.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. போட்டி ஆட்டம் வேறு, கூட்டு ஆட்டம் வேறு. இரண்டிலும் நியாயம் என்ற சொல்லுக்கு அர்த்தம் ஒன்றல்ல.

சுடுகிற போட்டிகளில் கம்ப்யூட்டர்காரன் சுண்டெலி போன்ற அந்த மவுஸை வைத்துக் கணத்தில் குறி வைத்துவிடுவான். கட்டைவிரலால் குச்சியை அசைத்துக் குறி வைப்பவனுக்கு அவ்வளவு சுருக்கு வராது. அதனால் கைக்கருவிக்காரர்களுக்குக் குறி வைக்க ஆட்டமே சிறிது உதவி செய்வதும், ஒரே வகைக் கருவிக்காரர்களை ஒன்றாகச் சேர்ப்பதும் உண்டு. அது சரியான நியாயம். எதிரெதிரே நிற்பவர்களுக்குச் சமமான ஆயுதம் வேண்டும். இல்லாவிட்டால் வெற்றிக்கு அர்த்தமில்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்களுக்கு? ஒரு வீட்டில் அம்மியில் அரைக்கிறவளும் மிக்ஸியில் அரைக்கிறவளும் சேர்ந்து சமைத்தால், ‘அவளுடைய அம்மி எனக்கு அநியாயம்’ என்று மிக்ஸிக்காரி வழக்குப் போட முடியுமா? அங்கே கருவிகள் சமமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. சாப்பாடு எப்போது ஆகும் என்பதை யார் கையைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி. யாருடைய வேகம் வீட்டின் வேகம்?

கூட்டு வேலை எதிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. மலையேறுகிறவர்களிலும் இருக்கிறது, வயதான தகப்பனாரைக் கோயிலுக்கு நடத்திப் போகிற மகனிடத்திலும் இருக்கிறது. கருவிகள் சமமில்லாமல் இருப்பது அநேகமாக நம் குற்றமல்ல. சங்கரன்கோவில் பக்கத்துக் காற்றுக்கு நான் பொறுப்பல்ல. ஆனால் அந்தக் காற்று தடுமாறும்போது நான் என்ன செய்கிறேன் என்பதற்கு நானே பொறுப்பு.

எஞ்சினீயரிடம் இதைச் சொன்னேன். அவன் எதற்கும் ஒரு திருகாணி வைத்திருப்பவன். “அதுக்கு வழி இருக்குடா. ஆட்டத்திலேயே உதவி முறைன்னு ஒண்ணு வச்சிருக்கான். கடிகாரத்தை நீட்டிக்கலாம். எல்லாருக்கும் நேரம் கிடைக்கும்” என்றான். உண்மைதான். நாங்கள் ஆடுவது இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பின்னால் வெளியிட்ட பதிப்பு. 2021 மார்ச் முதல் எல்லாக் கருவிகளும் அதில் ஒன்றுசேர முடிகிறது; இந்த வசதியையும் அதில்தான் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மனசுக்காரர்கள் செய்த காரியம் என்று நினைத்தேன். உடனே வாத்தியாருக்குத் தொலைபேசி செய்து, மன்னிப்பும் இந்த யோசனையும் கலந்து ஏதோ சொன்னேன்.

அவன் சிரித்தான். பிறகு சற்று யோசித்துச் சொன்னது இது: “வகுப்புல மெதுவா எழுதுற பையன் ஒருத்தன் இருப்பான். அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் போர்டை அழிக்காம நிப்பேன். ஜன்னலைச் சாத்துவேன், சாக்பீஸைத் தேடுவேன், எதையாவது செய்வேன். ஒரு நாள் ஏதோ ஞாபகத்துல ‘உனக்காகத்தான்டா நிக்கிறேன், சீக்கிரம் எழுது’ன்னு சொல்லிட்டேன். மறுநாள் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரலை. நீங்க கடிகாரத்தை நீட்டுங்க. ஆனா அதை எனக்காகன்னு சொல்லாதீங்க.”

“அப்ப மறைக்கச் சொல்றியா?” என்று கேட்டேன். அப்போதுதான் மறைத்ததற்காக மன்னிப்புக் கேட்டிருந்தேன். ஆகையால் அந்தச் சந்தேகம் எனக்கு வந்தது.

“மறைக்கிறது வேற, சொல்லிக் காட்டாம இருக்கிறது வேற” என்றான். “பாப்பாவோட ஆடினதை நீங்க மறைச்சீங்க. அது எனக்குத் தெரிஞ்சா வலிக்கும்னு உங்களுக்குத் தெரியும். பையனுக்காக நான் நிக்கிறது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை வாயால சொல்லாம இருக்கிறதுதான் மரியாதை.”

இந்த வித்தியாசத்தை நான் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை. நான் கல்லூரியில் அதிக தூரம் போனவனல்ல. தத்துவ சாஸ்திரம் முறையாகப் பயின்றவனுமல்ல. ஆனால் ஒன்று தெரிகிறது. உதவி என்ற பெயரில் நாம் செய்வதில் பாதி, உதவி பெறுகிறவனுடைய தாமதத்தைக் கணக்கெழுதி அவனிடமே நீட்டுவதாக இருக்கிறது. காத்திருப்பவன், காத்திருப்பதையே தன் பெருமையாக்கிக் கொண்டால், காத்திருக்கப்படுகிறவனுக்கு அந்த வீட்டில் உட்கார இடமில்லாமல் போய்விடுகிறது.

கம்பெனிகளின் சுவரைப் பற்றி எவ்வளவு ஆவேசமாகப் பேசினோம் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சோனி கம்பெனி லாபத்துக்காகக் கதவைச் சாத்தியது. அதற்குப் பேராசை என்று பெயர் வைத்தோம். நாங்கள் மூன்று நட்சத்திரத்துக்காகக் கதவைச் சாத்தினோம். அதற்கு ‘சும்மா’ என்று பெயர் வைத்தோம். அந்தச் சுவரை உடைக்க லட்சம் பேர் கூச்சலிட்டார்கள். எங்கள் சுவரை யார் பார்த்தார்கள்? எந்தப் பத்திரிகை எழுதும்? இயந்திரங்களை ஒன்றோடொன்று பேச வைக்க அறிவாளிகள் இருக்கிறார்கள். ஒருநாள் எல்லாக் கருவிகளும் எல்லாக் கருவிகளோடும் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் தூரம் மனிதனுடைய பொறுமையின்மையால் ஆனது. அதைக் கடக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். புதன்கிழமை ஆட்டம் நடக்கிறது, வாத்தியாருக்கும் தெரியும். வியாழக்கிழமை காலையில், “என்ன, பாப்பா எத்தனை நட்சத்திரம் வாங்கினா?” என்று அவனே கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கடிகாரம் நீட்டித்தபடியே இருக்கிறது. யார் நீட்டினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. தட்டு கழுவும் வேலை முறை வைத்து எல்லாருக்கும் வருகிறது.

சென்ற வாரம் தென்காசிப் பக்கம் நல்ல மழை. வாத்தியாரின் சமையற்காரர் கையில் வெங்காயத்தோடு நடுச் சமையலறையில் உறைந்து நின்றுவிட்டார். எஞ்சினீயர் ஒன்றும் சொல்லாமல் அடுப்பிலிருந்த பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்தான். வங்கிக்காரன் கழுவிய தட்டையே மறுபடி எடுத்து அடுக்கிக் கொண்டிருந்தான். நான், செய்ய ஒன்றுமில்லாததால், அந்தச் சிலையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தேன்.

“மழை விட்டுதாடா?” என்று கேட்டான் வங்கிக்காரன்.

“இன்னும் இல்லை” என்றது கைபேசி. “உங்க ஊர்ல?”

பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் மழையைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தோம்.